பிள்ளையாரைச் சுற்றிய எஞ்சின்

ஜனவரி 8, 2018, திங்கள்

சின்னவர் இன்று மீட்டிங் போட்டார். மீட்டிங் என்றால் அவர் பேசுவார், நாங்கள் முறுக்கு தின்போம். இன்று முறுக்குகூட நமுத்திருந்தது.

"வேலைக்குப் போக ஆரம்பிச்ச பையன் லோன் போட்டு வாங்கற மாதிரி ஒரு ஸ்போர்ட்ஸ் காருங்க. ரெண்டே சீட். வாங்குனவன் ஊட்டி ரோட்ல ஏறி இறங்குனா மூஞ்சில சிரிப்பு நிக்கோணும். வெளிநாட்டுக்காரன் விக்கற விலைல கால்வாசிக்கு நாம விக்கோணும்" என்றார்.

சின்னவர் என்றால் முதலாளி. அவருடைய அப்பா பெரியவர் போய்ச் சேர்ந்து எட்டு வருடம் ஆகியும் இவர் இன்னும் சின்னவர்தான்.

இந்தக் கோயமுத்தூர்க் கம்பெனியில் இருபத்திரண்டு வருடமாக எஞ்சின் வரைகிறேன். வரைந்ததெல்லாம் ஆட்டோவுக்கும் மினி லாரிக்கும். மூட்டை தூக்குகிற எஞ்சின்கள். அவற்றை யாரும் ரசித்துக் கேட்டதில்லை. இன்று முதல் தடவையாக மீட்டிங்கில் எனக்கு நெஞ்சு அடித்துக்கொண்டது.

கார் உறுதி, எஞ்சின் எது என்பதுதான் பாக்கி. களத்தில் இரண்டு. ஏற்கெனவே நாங்கள் சின்னக் காரில் போட்டு விற்கும் மூன்று சிலிண்டர் எஞ்சின் ஒன்று. அதற்கு ஒரு டர்போவை மாட்டிவிட்டால் வேலை முடிந்தது என்கிறாள் வைதேகி. இன்னொன்று என்னுடைய நான்கு சிலிண்டர். ஒன்பது வருடமாக மேசை டிராயரில் கிடக்கிறது. மே மாதம் இரண்டையும் ஒரே மாதிரி இரண்டு வண்டிகளில் வைத்து டைரக்டர்கள் முன்னால் ஓட்டுவார்கள். தோற்றது பரணுக்குப் போகும்.

வைதேகி புனேயிலிருந்து வந்த ப்ராஜெக்ட் ஹெட். என்னைவிடப் பன்னிரண்டு வயது இளையவள். ஜன்னல் வைத்த அறை என்னிடமிருந்து அவளுக்குப் போய்விட்டது. என்னை 'சார்' என்றுதான் கூப்பிடுகிறாள். திட்டினால்கூடப் பொறுத்துக்கொள்ளலாம், அந்த மரியாதைதான் எரிகிறது.

ஜனவரி 14, ஞாயிறு

பொங்கல். குக்கர் பொங்கல்தான்.

காலையில் என் மனைவி பூங்கோதை வந்து எழுப்பினாள். "ஏனுங்க, மோட்டார் ஓடுது, தண்ணி ஏறல. காத்து வாங்குதாட்ட இருக்குது."

வாசலில் தரைக்கடியில் இருக்கும் சம்ப்பைத் திறந்து பார்த்தேன். தண்ணீர் இருக்கிறது. ஆனால் தொட்டியின் தரை கேட் பக்கம் சரிந்திருக்கிறது, உறிஞ்சுகுழாயோ மேட்டு மூலையில் இறங்குகிறது. தண்ணீர் பாதிக்குக் கீழே போனால் எல்லாம் கேட் பக்கம் ஒதுங்கி, குழாய்க்கு எட்டுவதில்லை.

"எந்த மடையன் இங்க குழாய் வெச்சான்?" என்றேன்.

"நீங்கதான் நின்னு வெக்கச் சொன்னீங்க. கேட் பக்கம் வந்தா பாக்க நல்லா இருக்காதுன்னீங்க" என்றாள். நாள், விசேஷம் என்று எதையும் பார்க்கமாட்டாள் இவள்.

பிளம்பரை அடுத்த வாரம் கூப்பிட வேண்டும்.

ஜனவரி 25, வியாழன்

வைதேகியோடு முட்டிக்கொண்டேன், எல்லோர் முன்னாலும்.

அவள் படம் போட்டுக் காட்டினாள். டர்போ என்றால் வேறொன்றுமில்லை, வெளியே போகிற புகையின் வேகத்தில் ஒரு விசிறியைச் சுழற்றி, எஞ்சினுக்குள் காற்றைத் திணிப்பது. சின்ன எஞ்சினுக்குப் பெரிய பலம் வந்துவிடும். முக்கால்வாசிச் சாமான் ஏற்கெனவே நம் ஸ்டோரில் இருக்கிறது. விலை குறையும். புகைச் சட்டம் மாறினாலும் சமாளிக்கலாம்.

"சூடு?" என்றேன். "முன்னாடி கூலர் வெக்கணும், பைப் இழுக்கணும், மூக்கு கனமாகும். மிதிச்சதுக்கும் கெளம்பறதுக்கும் நடுவுல ஒரு யோசனை வேற. மூணு சிலிண்டர் நடுக்கத்துக்கு என்ன பண்ணுவீங்க?"

"நடுக்கத்துக்கு ஒரு ஷாஃப்ட் போடலாம் சார். உங்க எஞ்சின் நிமிஷத்துக்கு ஏழாயிரம் தடவை சுத்துனாத்தான் உயிர் வருது. ஊட்டி ரோட்ல லாரிக்குப் பின்னாடி போற பையன் எப்ப சார் ஏழாயிரத்துக்குப் போவான்? ரெண்டாயிரத்துல இழுக்க வேண்டாமா?"

"இழுக்கறதுக்கு டிராக்டர் வாங்கிக்கலாம்."

எல்லோரும் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள். அவள் சொன்னதில் தப்பில்லை என்பதுதான் கடுப்பு. ஆனால் மிதித்த மிதிக்கு மிதித்த அளவு, மேலே போகப் போகக் குரல் மாறிக்கொண்டே போகும் ஒரு எஞ்சினை ஏழை வீட்டுப் பையன் ஒருவன் ஒரு தடவை ஓட்டிவிட்டால் செத்தாலும் மறக்கமாட்டான். இதைப் படம் போட்டுக் காட்ட முடியாது.

பிப்ரவரி 9, வெள்ளி

சின்னவருக்கு மூக்கு தாழ்வாக வேண்டுமாம். "வண்டி ரோட்டை மோந்து பாக்கற மாதிரி இருக்கோணும்" என்று கையால் காட்டினார். போனட் தாழ்ந்தால் எஞ்சின் தாழ வேண்டும். எஞ்சினுக்கு அடியில் வலப்பக்கம் ஸ்டியரிங் கம்பி குறுக்கே போகிறது. மூன்று சிலிண்டர் குட்டையானது, அதற்கு இடிக்காது. எனக்கு இடிக்கிறது.

எஞ்சின் அடியில் எண்ணெய் நிற்கும் தொட்டி ஒன்று உண்டு. அதன் வலப்பக்கத்தைத் தட்டையாக்கி, ஆழத்தையெல்லாம் இடப்பக்கம் கொண்டுபோனேன். எண்ணெயை உறிஞ்சி மேலே அனுப்பும் குழாயும் இடப்பக்கம் போனது. நேர் ரோட்டில் பிரச்சினையே இல்லை. வலப்பக்கம் திரும்பினால் எண்ணெய் இடப்பக்கம் ஒதுங்கும், குழாய்க்கு விருந்து. இடப்பக்கம் நீளமாகத் திரும்பினால்தான் எண்ணெய் தட்டைப் பக்கம் ஓடி ஏறும். அப்போது குழாய் காற்றை உறிஞ்சக்கூடாது என்று அதைச் சுற்றி ரப்பர் கதவு வைத்த ஒரு தடுப்புப் பெட்டி போடுவார்கள்.

பெட்டிக்கு அச்சு செய்ய ஆறு வாரம் என்றான் சப்ளையர். ஆறு வாரம் போனால் மே மாதம் கைவிட்டுப் போகும். எடையும் கூடும். ஏற்கெனவே எடைப் பட்டியலில் என் எஞ்சின் அவளுடையதைவிட மேலே இருக்கிறது. பெட்டியை எடுத்துவிட்டேன். அது ரேஸ் வண்டிக்குத் தேவைப்படுவது. இது சம்பளக்காரன் வண்டி. எஞ்சின் தேர்வாகட்டும், பிறகு சேர்த்துக்கொள்ளலாம்.

பிளம்பர் வரவில்லை.

பிப்ரவரி 24, சனி

முதல் தடவை ஸ்டார்ட் செய்தோம். டெஸ்ட் பெஞ்சில், கண்ணாடிக்கு அந்தப் பக்கம். ஆறாயிரம் தாண்டியதும் அந்தக் குரல் மாறியது. நான் ஒன்பது வருடமாக மனசுக்குள் கேட்ட அதே குரல். பாத்ரூமுக்குப் போய் முகம் கழுவிக்கொண்டு வந்தேன். கண்ணில் எண்ணெய் பட்டுவிட்டது என்று சொன்னேன்.

மார்ச் 5, திங்கள்

டிராக்கில் ஓட ஆரம்பித்தாயிற்று.

எங்கள் டெஸ்ட் டிராக் பெரியவர் போட்டது. நிலத்தைத் தோண்டும்போது ஒரு பிள்ளையார் சிலை கிடைத்ததாம். அதை நடுவில் பிரதிஷ்டை செய்து, சுற்றி ரோடு போட்டார். அன்று முதல் லாரியோ காரோ, எந்த வண்டியும் பிள்ளையாரை வலம் வரும் திசையில்தான் ஓட வேண்டும். அவசரத்தில் எதிர்த்திசையில் ஓட்டிய ஒரு டிரைவருக்கு அன்றைக்கே கணக்கு முடித்து அனுப்பினார் என்பார்கள். ஆக இந்தக் கம்பெனி வண்டிகள் எல்லாம் வலப்பக்கம் திரும்பித் திரும்பியே பாஸானவை. மினி லாரிக்கு அதனால் ஒரு கெடுதலும் வந்ததில்லை. எனக்குச் சாமி கிடையாது. திருநீறு வைத்தால் நெற்றி அரிக்கும்.

ஓட்டுவது ரெஜி. முழுப்பெயர் ரெஜினால்ட். குன்னூர்க்காரன், பழைய ராலி சாம்பியன், ஒப்பந்தத்தில் இருக்கும் டெஸ்ட் டிரைவர். வாய் நீளம். தொண்ணூற்றெட்டில் வாங்கிய கோப்பையைப் பற்றி வாட்ச்மேன் உட்பட எல்லோருக்கும் சொல்லியிருக்கிறான். ஹெல்மெட்டைக் கழற்றினால் முதலில் தலையைச் சீவுவான். எனக்கு அவனைப் பிடிக்காது.

இன்று இறங்கி, தலைகூடச் சீவாமல் என்னிடம் வந்தான். "சார், அந்த மூணு சிலிண்டரு நம்மளப் புடிச்சுத் தள்ளுது. இது அப்படியில்ல சார். போலாமான்னு கேக்குது."

இப்போது அவ்வளவு பிடிக்காமல் இல்லை.

மார்ச் 17, சனி

டிராக்கில் இடப்பக்கம் திரும்பும் வளைவு ஒன்றே ஒன்றுதான், தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில். குட்டி வளைவு.

"சார், அந்த வளைவுல ஆயில் லைட்டு கண்ணடிக்குது" என்றான் ரெஜி. "ஒரு செகண்ட் எரிஞ்சு அணைஞ்சிருது. ஒவ்வொரு ரவுண்டும்."

"வயர் லூசா இருக்கும்" என்றேன்.

வயரைப் பார்த்தேன். வயர் நன்றாக இருந்தது.

மாலையில் எல்லோரும் போன பிறகு, விளக்கு எரிவதற்கு முன் காத்திருக்கும் நேரத்தைக் கூட்டி வைத்தேன். எண்ணெய் அழுத்தம் குறைந்த உடனே விளக்கு எரிந்தால் ஓட்டுபவன் மிரண்டுபோவான் என்று எல்லாக் கம்பெனியிலும் கொஞ்சம் தாமதம் வைப்பார்கள். அவர்கள் ஒரு வினாடி வைப்பார்கள். நான் ஐந்து வைத்தேன். மே வரைக்கும்தான்.

மார்ச் 28, புதன்

வைதேகி கேட்டாள். "சார், ஒருநாள் டிராக்கை எதிர்த்திசைல ஓட்டிப் பாக்கலாமா? மே மாசத்துக்குச் சென்னைப் பக்கம் நாம வாடகைக்கு எடுத்திருக்கற ரேஸ் டிராக்ல நீளமா ஒரு இடது வளைவு இருக்கு. ரெண்டு எஞ்சினையும் பாத்துருவோம்."

 நேரே அவளோடு சின்னவர் அறைக்குப் போனேன்.

"மேடம் டிராக்கை இடமா சுத்தலாம்ங்கறாங்க. எனக்கொண்ணும் இல்லீங்க. பெரியவர் கையால பிரதிஷ்டை பண்ணுன பிள்ளையாரு. ஆரம்பிக்கற காரியம் வேற புதுசு. உங்க இஷ்டம்ங்க" என்றேன்.

சின்னவர் முகம் மாறிவிட்டது. சுவரில் இருந்த பெரியவர் படத்தைப் பார்த்தார். "அதெல்லாம் வேண்டாமுங்க வைதேகி. ஐயன் இருந்தா ஒத்துக்கமாட்டாரு."

வெளியே வந்ததும் வைதேகி நின்றாள். "சார், நீங்க கோயிலுக்குப் போவீங்களா?"

"இனிமே போலாம்னு இருக்கேன்."

ஜெயித்துவிட்டேன் என்று இருந்தது. வீட்டில் சொன்னேன். பூங்கோதை தோசையைத் திருப்பிக்கொண்டே, "உங்களுக்கு எப்பருந்து பிள்ளையாரு?" என்று கேட்டாள். அதற்குப் பிறகு தோசை இறங்கவில்லை.

ஏப்ரல் 14, சனி

சித்திரை ஒன்று. டிராக் பிள்ளையாருக்குக் கம்பெனி சார்பில் அபிஷேகம். என்னை முன்வரிசையில் உட்காரவைத்துவிட்டார் சின்னவர். எரிகிற வெயிலில் இரண்டு மணி நேரம். நெற்றி அரித்தது.

ஏப்ரல் 23, திங்கள்

எங்கள் டிராக்கில் கடைசி ஒப்பீடு. வளைவிலிருந்து வெளியே வரும்போது அவளுடைய டர்போ பாய்கிறது, மறுக்கவில்லை. ஆனால் மூக்கு கனம். வளைவுக்குள் நுழையும்போது என் வண்டி சொன்ன பேச்சைக் கேட்கிறது. மொத்தத்தில் ஒரு சுற்றுக்கு ஒரு வினாடிக்கும் குறைவாக என் வண்டி முந்தியது. போதும்.

ரெஜி வந்து தோளில் கை போட்டான். "சார், அந்த லைட்டு இப்ப எரியறதேயில்ல. வயரைச் சரி பண்ணிட்டீங்களா?"

"ம்."

"சூப்பர் சார். அது கண்ணடிச்சுட்டே இருந்தா மனசு அதுலயே போயிருது."

அவனுக்கு டீ வாங்கிக் கொடுத்தேன். தொண்ணூற்றெட்டுக் கதையை முழுதாகக் கேட்டேன்.

மே 7, திங்கள்

நாளை. தூக்கம் வரவில்லை. சென்னை ஹோட்டல் ஏசியைக் குறைக்கத் தெரியவில்லை.

மே 8, செவ்வாய்

டைரக்டர்கள் ஆறு பேர், பந்தல் போட்டு, இளநீர் வைத்து. முதலில் டர்போ ஓடியது. தலையாட்டினார்கள். பிறகு என் வண்டி. நேர் ரோட்டில் குரல் மாறியபோது ஒரு டைரக்டர் இளநீரைக் கீழே வைத்துவிட்டு எழுந்தே நின்றுவிட்டார். இரண்டாவது சுற்றில் எல்லோரும் எழுந்து நின்று கைதட்டினார்கள். சின்னவர் என் கையைப் பிடித்துக் குலுக்கினார். அந்த இரண்டு சுற்றுக்காக நான் இருபத்திரண்டு வருடம் வேலை பார்த்திருக்கலாம்.

மூன்றாவது சுற்றில், முதல் இரண்டு தடவை தப்பிவந்த அந்த நீள இடது வளைவு.

முதலில் நின்றது சத்தம்தான். அப்புறம்தான் வண்டி சுழன்றது. எஞ்சின் இறுகிப் பின்சக்கரங்கள் பூட்டிக்கொண்டன. டயர்ச் சுவரில் வலப்பக்கமாகப் போய் அடித்தது.

எல்லோரும் ஓடினோம். நான் போனட் பக்கம் போனேன். தீப்பிடிக்குமோ என்ற கவலைதான். ரெஜியை வெளியே எடுத்தது வைதேகியும் டிராக் ஆட்களும். வலது கையும் தோளும் நொறுங்கிவிட்டன. நினைவு இருந்தது. ஸ்ட்ரெச்சரில் என்னைப் பார்த்து, "சார், என்னாச்சு சார் அதுக்கு?" என்று எஞ்சினைப் பற்றித்தான் கேட்டான்.

மே 9, புதன்

ஒன்றும் எழுத இல்லை.

மே 11, வெள்ளி

எஞ்சினைப் பிரித்தோம். கிராங்க் பேரிங்குகள் கறுத்து, வழிந்து, உருகிய மெழுகாக ஒட்டிக்கொண்டிருந்தன. வால்வுகள் நேராக இருக்கின்றன, ஒன்றுகூட வளையவில்லை. ஓட்டுபவன் தப்பான கியர் போட்டு எஞ்சினை எல்லை மீறிச் சுழற்றியிருந்தால் முதலில் வளைவது வால்வுதான்.

அதை வைத்து மட்டும் எதையும் முடிவாகச் சொல்லிவிட முடியாது.

வண்டியின் பதிவுக் கருவியைப் பார்த்தேன். இரண்டாவது சுற்றில் ஒரு கியர் இறக்கத்தில் சுழற்சி எல்லையைத் தொட்டு, கொஞ்சம் மீறியிருக்கிறது. அரை வினாடி இருக்கும். ரெஜி எப்போதும் அப்படித்தான் ஓட்டுவான், நாங்கள்தான் அப்படி ஓட்டச் சொல்லியிருந்தோம். ஆனாலும் பதிவில் இருக்கிறது.

மே 12, சனி

வீட்டு மோட்டார் காயில் எரிந்துவிட்டது. காற்றை வாங்கி வாங்கியே ஓடியிருக்கிறது.

"பொங்கல்லருந்து சொல்றேன்" என்றாள் பூங்கோதை. "சத்தம் கேக்கறப்பவே நிறுத்தியிருந்தா பொழச்சிருக்கும். நான் துணி காயப்போட மாடிக்குப் போயிட்டேன்."

அவள் மேல் எரிந்து விழுந்தேன். மாடிக்குப் போனது அவள் தப்பு என்றேன்.

மே 14, திங்கள்

வைதேகி என் மேசைக்கே வந்தாள். பேரிங் போட்டோவை வைத்தாள்.

"சார், இது எல்லை மீறிச் சுத்தினதால வந்ததில்ல. எண்ணெய் போகல."

"பதிவுல இருக்கு. எல்லை மீறியிருக்கான்."

"மீறினது ரெண்டாவது சுத்துல. எஞ்சின் போனது மூணாவது சுத்துல."  பிறகு குரலைத் தாழ்த்தினாள். "விளக்குக்கு அஞ்சு செகண்ட் வெச்சிருக்கீங்க. பாத்தேன்."

நான் ஜன்னலைத் தேடினேன். என் இடத்தில் ஜன்னல் இல்லை.

அவள் போய் சின்னவரிடம் சொல்லிவிடுவாள், என் கதை முடிந்தது என்றுதான் நினைத்தேன். சொன்னால் தேவலை என்றுகூட ஒரு கணம் இருந்தது. அவள் நாற்காலியை இழுத்து உட்கார்ந்தாள்.

"நேத்து டைரக்டர்ஸ் பேசினாங்க சார். அவங்க கைதட்டினது உங்க எஞ்சினுக்கு. அதுதான் தப்புன்னா இந்த ஸ்போர்ட்ஸ் கார் ஆசையே வேண்டாம்னு மூடிருவாங்க. என் டர்போவுக்காக யாரும் காத்திருக்கல. டிரைவர் தப்புன்னா, தொடரலாம்னு சொல்றாங்க. நாப்பது பேர் இதுல இருக்கோம்."

"அதனால?"

"ரிப்போர்ட்டை எழுதுங்க. பதிவுல இருக்கறதை மட்டும் எழுதுங்க. தடுப்புப் பெட்டியை டிராயிங்ல நான் சேத்துக்கறேன், விளக்கையும் ஒரு செகண்டுக்குக் கொண்டுவந்துடறேன். காரணம்னு எங்கயும் எழுத வேண்டாம்."

எழுந்து போகும்போது, "நான் அன்னிக்கே உங்க பிள்ளையாரை மீறி ஓட்டியிருக்கணும்" என்றாள். இந்தத் தடவை 'சார்' சேர்க்கவில்லை.

மே 16, புதன்

ரிப்போர்ட் கொடுத்தாயிற்று. அதில் பொய் என்று ஒரு வரிகூடக் கிடையாது. எல்லை மீறியது உண்மை. எஞ்சின் இறுகியது உண்மை. இரண்டையும் அடுத்தடுத்த பத்தியில் எழுதியிருக்கிறேன், அவ்வளவுதான்.

மே 27, ஞாயிறு

ஆஸ்பத்திரிக்குப் போனேன். ஆரஞ்சு வாங்கிக்கொண்டு. ஒரு கையால் உரிக்க முடியாது என்பது அங்கே போன பிறகுதான் உறைத்தது. நானே உரித்துக் கொடுத்தேன்.

ரெஜி தலை சீவாமல் கிடந்தான். "சார், நான் எல்லை மீறிட்டேன்னு எழுதியிருக்காங்களாமே. அரை செகண்டுக்கா சார் எஞ்சின் போகும்?"

"சில சமயம் போகும்."

"இருக்கும் சார். நீங்க சொன்னா சரியாத்தான் இருக்கும்." கூரையைப் பார்த்தான். "ஆனா லைட்டு எரியல சார். அதைத்தான் நெனச்சு நெனச்சுப் பாக்கறேன். எரிஞ்சிருந்தா நான் காலை எடுத்திருப்பேன். இருவது வருசமா அந்த லைட்டைப் பாத்துத்தான் உயிரோட இருக்கேன்."

"ஆரஞ்சு புளிக்குதா?" என்று கேட்டேன்.

"இல்ல சார், நல்லா இருக்கு."

ஜூன் 8, வெள்ளி

என் எஞ்சின் தேர்வானது. ஆபீசில் லட்டு. ரெஜியின் ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கவில்லை. இரண்டு தாளும் ஒரே உறையில் என் மேசைக்கு வந்தன, கையெழுத்துக்கு.

நவம்பர் 10, 2019, ஞாயிறு

இந்த நோட்டைத் திறந்து ஒன்றரை வருடம் ஆகிறது. எழுதத் தோன்றவில்லை. இன்றைக்கு எழுதாமல் படுக்க முடியாது.

கார் செப்டம்பரில் வந்துவிட்டது. பத்திரிகைகள் புகழ்கின்றன. 'இந்த விலையில் இப்படி ஒரு குரலா' என்று ஒருவன் எழுதியிருந்தான். பங்க்கில் பெட்ரோல் போடும்போது பையன்கள் வந்து போனட்டைத் திறந்து காட்டச் சொல்கிறார்கள். கம்பெனி எனக்குச் சலுகையில் ஒன்று கொடுத்தது, சிவப்பு.

ரெஜியைக் கூட்டிக்கொண்டு ஒரு சுற்றுப் போக வேண்டும் என்று எனக்கே தோன்றியது. யாரும் சொல்லவில்லை. மேட்டுப்பாளையத்தில் பழைய கார் வாங்கி விற்கும் கடை வைத்திருக்கிறான். வலது கை தோளுக்கு மேலே தூக்க வராது. கார் வாங்க வருகிறவர்களுக்கு ஓட்டிக் காட்டுவதுகூட அவன் தம்பிதான். முடி நரைத்துவிட்டது. வண்டியைப் பார்த்ததும் இடது கையால் போனட்டைத் தடவினான்.

"நல்லபடியா வந்திருச்சா சார்? நான்தான் கெடுத்துட்டேனோன்னு இருந்துச்சு. நம்ம எஞ்சின் ரோட்டுக்கு வந்திருச்சே, அது போதும்" என்றான். நம்ம எஞ்சின் என்றுதான் சொன்னான்.

அவனைப் பக்கத்தில் உட்காரவைத்துக் கோத்தகிரி ரோட்டில் ஏறினேன். நல்ல மனிதனாக இருக்கிறோம் என்று ஒரு நிறைவு இருந்தது எனக்கு. அதை மறைக்க மாட்டேன். எஞ்சின் பாடிக்கொண்டு ஏறியது. ரெஜி கண்ணை மூடிக்கொண்டு கேட்டான். தொண்ணூற்றெட்டைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை.

கொஞ்ச தூரம் போனதும் கண்ணைத் திறந்துவிட்டான். ரோட்டைப் பார்க்கவில்லை. என் காலைப் பார்த்துக்கொண்டிருந்தான். எதற்கென்று நான் யோசிக்கவில்லை. இன்னும் நான்கைந்து வளைவு போயிருக்கும்.

"சார், வலது வளைவுல எல்லாம் நல்லா மிதிக்கறீங்க."

"ஆமா, என்ன?"

"இடது வந்தா காலை எடுத்துடறீங்க."

 அடுத்த வளைவு இடது. எடுக்கக் கூடாது என்று நினைத்துக்கொண்டே போனேன். கால் தானாக எழுந்துவிட்டது. தடுப்புப் பெட்டி இருக்கிறது. விளக்கு சரியாக இருக்கிறது. என் கையெழுத்துப் போட்ட டிராயிங்கில் இருக்கிறது. கால் கேட்கவில்லை.

"பழக்கம்" என்றேன்.

"எப்பருந்து சார் பழக்கம்?"

வண்டி ஏறிக்கொண்டிருந்தது.  ரெஜி மெதுவாகத்தான் பேசினான். கோபப்பட்டிருந்தால் நானும் பதிலுக்கு ஏதாவது சொல்லியிருப்பேன்.

"என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருந்தா, நானும் எடுத்திருப்பேனே சார்."

அடுத்த டீக்கடையில் இறக்கிவிடச் சொன்னான். பஸ் வரும்வரை கூட நிற்கிறேன் என்றேன். வேண்டாம் என்றான். கதவை இடது கையால் மூடப் பார்த்தான், சரியாக மூடவில்லை. நான் எட்டி மூடினேன்.

தனியாக இறங்கி வந்தேன். இடது வளைவு வந்தபோதெல்லாம் அந்த விளக்கையே பார்த்துக்கொண்டு ஓட்டினேன். ஒரு தடவைகூட எரியவில்லை. எஞ்சினில் ஒரு குறையும் இல்லை.